வை.மு.கோ.வைத் தேடி



சென்ற இதழில் மொட்டை மாடித் தோட்டம் பற்றிப் படித்தோம். அதற்கு முந்தைய இதழில் மழைநீர் சேகரிப்பு. இந்த இதழுக்கு என்னையும் எழுதச் சொல்லி ஆசிரியர் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். பி.காம். முடித்து, 37 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக லெட்ஜரும் வவுச்சருமாக இருந்தவனுக்கு எழுத என்ன இருக்கிறது? என் மனைவிதான் பரண் மேல் இருக்கும் செருப்புப் பெட்டியைப் பற்றி எழுதலாமே என்று எடுத்துக் கொடுத்தாள். அதில் கொஞ்சம் கேலியும் உண்டு. அந்தப் பெட்டிக்காக நான் செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு அவளிடம் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் இருப்பவை 11 சிறு புத்தகங்கள். எதுவும் நூறு பக்கத்தைத் தாண்டாது. சில 16 பக்கம், நடுவில் இரண்டு பின் அடித்தவை. எல்லாமே ஒரே ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்பவை. அவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. இன்று நம் ஐந்து பிளாக்கிலும் விசாரித்தால், எழுபது வயதைத் தாண்டிய சிலருக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு பெண்மணியைப் பற்றிய மெல்லிய புத்தகங்களை ஒருவன் ஏன் இருபது வருடத்துக்கு மேல் தேடி அலைய வேண்டும்? அதற்கு முதலில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இன்லண்ட் லெட்டரும் பச்சை பைண்டும்

என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். எழுத வராது. கையெழுத்துக்கு மேல் அவர் பேனாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வெளியூரில் இருந்த பெண்களுக்கும் தம்பிக்கும் கடிதம் போட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் இன்லண்ட் லெட்டரில் எழுத வேண்டும். பாட்டி மாட்டுக்கன்று பிறந்ததிலிருந்து ஆரம்பித்து அடுத்த வீட்டுக் கல்யாணம் வரை விஸ்தாரமாகச் சொல்வார். எனக்கோ தெருவில் கிரிக்கெட். பாட்டி ஐந்து நிமிஷம் சொன்னதை ஒரே வரியில் சுருக்கி எழுதிவிட்டு, எழுதியாயிற்று என்பேன். திருப்பிப் படித்துக் காட்டச் சொன்னால், எழுதாததையும் சேர்த்துப் படித்துவிடுவேன். பாட்டி நம்பிவிடுவார்.

அந்தப் பாட்டியிடம் பச்சைத் துணி போட்டுப் பைண்டு செய்த நாலைந்து தடிப் புத்தகங்கள் இருந்தன. மாதப் பத்திரிகையில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான். எல்லாம் ஜகன்மோகினி பத்திரிகையில் வந்த கோதைநாயகி அம்மாளின் கதைகள். 1966-ல் சித்தி படம் வந்தபோது வீட்டோடு போனோம். திரையில் அடுத்து என்ன வரப்போகிறது என்று பாட்டி ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் படம் கோதைநாயகி அம்மாளின் தயாநிதி என்ற நாவலை வைத்து எடுத்தது என்று எனக்குத் தெரிந்தது நெடுங்காலம் கழித்துத்தான்.

பாட்டி போன பிறகும் அந்தப் புத்தகங்கள் எங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. 1996-ல் மாம்பலத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு முதல் முறையாக அடுக்குமாடிக்கு வந்தோம். இடம் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, டிரங்குப் பெட்டியில் இருந்ததை எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தேன். வைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. 14 கிலோ இருந்தது. அவர் கொடுத்த பணத்தைக் கூட சரிபார்த்து எண்ணி வாங்கினேன். வங்கிப் பழக்கம்.

2001-ல் அம்மாளின் நூற்றாண்டு. அதையொட்டி அவரைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையைத் தற்செயலாகப் படித்தேன். அதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. தமிழில் 115 நாவல்கள் எழுதிய அந்தப் பெண்மணிக்கு, முதல் நூலை உருவாக்கிய சமயத்தில் எழுதத் தெரியாதாம். அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதினாராம்.

அன்று ராத்திரி எனக்கு இன்லண்ட் லெட்டர்தான் ஞாபகம் வந்தது. அதிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

நீர்வளூரிலிருந்து திருவல்லிக்கேணிக்கு

கோதைநாயகி 1901 டிசம்பர் 1-ம் தேதி, காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூரில் பிறந்தார். தகப்பனார் வெங்கடாச்சாரி, தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே தாயார் காலமாகிவிட்டார். பாட்டியும் உறவினர்களும்தான் வளர்த்தார்கள். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு வயது ஒன்பது. இது 1907-ல் நடந்தது. அன்றைய வழக்கம் அப்படி.

பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. ஆனால் காதால் கேட்டே நிறைய சேர்த்துக்கொண்டார். வைணவக் குடும்பம் ஆதலால் திருவாய்மொழியும் கம்பராமாயணமும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வந்தன. பாட்டு நன்றாக வரும். அக்கம் பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். கேட்ட கதையை அப்படியே சொல்லாமல் தானாகச் சேர்த்துச் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். குழந்தைகளோடு பெரியவர்களும் வந்து உட்கார்ந்து கேட்பார்களாம்.

புகுந்த வீடு திருவல்லிக்கேணி. வை.மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்ற அந்தக் குடும்பப் பெயரின் சுருக்கம். இங்கே தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே மரபில் வந்தவர் வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார். கம்பராமாயணத்துக்கும் பிரபந்தத்துக்கும் உரை எழுதிய பெரும் பண்டிதர். சுருக்கினால் அவரும் வை.மு.கோ.தான், அம்மாளும் வை.மு.கோ.தான். வெளியூர்ப் பழைய புத்தகக்காரர் ஒருவர் வை.மு.கோ. நாலு வால்யூம் இருக்கிறது என்று போனில் சொன்னார். நான் உடனே மணியார்டர் அனுப்பினேன். பிரித்துப் பார்த்தால் கம்பராமாயண உரை! அதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அந்த நாலு வால்யூமும் இப்போது நம் சி பிளாக் மாமா ஒருவரிடம் இருக்கின்றன. தினம் பத்துப் பாட்டு என்று கணக்கு வைத்துப் படிக்கிறார். நஷ்டத்தில் ஒரு லாபம்.

சொன்னவரும் எழுதியவரும்

பார்த்தசாரதிக்கு நாடகப் பைத்தியம். மனைவியையும் கூட அழைத்துப் போவார். ஆசாரமான குடும்பத்துப் பெண்ணை நாடகக் கொட்டகைக்கு அழைத்துப் போவது அன்று சாதாரண விஷயம் இல்லை. பார்த்துப் பார்த்து, இதைப் போல் ஒன்றைத் தன்னாலும் சொல்ல முடியும் என்ற எண்ணம் கோதைநாயகிக்கு வந்தது. கதை மனதில் இருந்தது, வசனம் இருந்தது, பாட்டும் இருந்தது. கையில் எழுத்துதான் இல்லை.

அங்கேதான் தோழி வருகிறார். அவர் பெயரும் பட்டம்மாள்தான். ஒரு வயதில் பறிகொடுத்த தாயாரின் பெயரைக் கொண்ட தோழி. கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் உட்கார்ந்து முழு நாடகத்தையும் எழுதி முடித்தார். அதுதான் இந்திரமோகனா. 1924-ல் அச்சில் வந்தது, பாராட்டும் கிடைத்தது.

பெட்டியில் உள்ள 11 புத்தகங்களில் பெரும்பாலானவை பட்டம்மாளை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன. கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அது பொருந்தவில்லை. ஒரு நாடகத்தைச் சொல்லச் சொல்ல எழுதுவது ஒருநாள் வேலை அல்ல. சொல்பவர் திருத்துவார், பாதியை அடிக்கச் சொல்வார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எழுதுபவர் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்திருப்பார். அத்தனைக்கும் பொறுமையாக இருந்து, அவசரப்பட்டுச் சுருக்காமல் எழுதிய ஒருத்தி இருந்ததால்தான் பின்னால் 115 நாவல் வந்தது. இன்லண்ட் லெட்டரில் ஒரு வரியோடு தப்பித்து ஓடியவனுக்கு இது நன்றாகவே புரிந்தது.

பிறகு கோதைநாயகி எழுதப் பழகிக்கொண்டார். இருபது வயதைத் தாண்டி, குடும்பம் நடத்திக்கொண்டே கற்றுக்கொண்டார்.

சந்தா என்பது கடன்

அப்போது தமிழில் துப்பறியும் நாவல்களுக்குப் பெரிய மவுசு. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு எல்லோரும் கொடி கட்டிப் பறந்த காலம். வடுவூரார் மனோரஞ்சனி என்று பத்திரிகை நடத்தி வந்தவர். அவருடைய யோசனையின் பேரில், நின்று போயிருந்த ஜகன்மோகினி என்ற பத்திரிகையை கோதைநாயகி 1925-ல் வாங்கினார். அவருடைய முதல் நாவலான வைதேகி அதில் தொடராக வந்தது. பத்திரிகை எழுந்து நின்றது.

ஆசிரியரும் உரிமையாளரும் ஒரே பெண். அதுவும் 1925-ல். தெருவில் வசை வராமல் இருக்குமா? குடும்பப் பெண் கதை எழுதுவதே தவறு, அதைப் பத்திரிகையில் போட்டு விற்பது அதைவிடத் தவறு என்று பேசியவர்கள் உண்டு. பார்த்தசாரதி அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. பத்திரிகையின் நிர்வாக வேலைகளில் கூடவே நின்றார்.

அம்மாளின் கதைகளில் பால்ய விவாகம், விதவைகளின் நிலை, வரதட்சணை, குடி எல்லாம் வரும். கூடவே காணாமல் போன வாரிசும் மர்மக் கடிதமும் வரும். விமர்சகர்கள் இலக்கியத் தரம் இல்லை என்றார்கள். இருக்கலாம், அதைத் தீர்மானிக்கும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் என் பாட்டியைப் போல எழுத வராத, படிக்க மட்டும் தெரிந்த ஆயிரக்கணக்கான பெண்கள் மாதாமாதம் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்தார். கேட்டு வளர்ந்த பெண் சொன்ன கதை, மறுபடி கேட்பவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் என் பி.காம். மூளைக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஒரு பத்திரிகைக்கு வருடச் சந்தா முன்கூட்டியே வந்துவிடுகிறது. பார்க்க வருமானம் போல இருக்கும். கணக்குப் புத்தகத்தில் அது வருமானம் அல்ல, கடன். பன்னிரண்டு இதழ் தருகிறேன் என்று வாங்கிய பணம். ஒவ்வொரு இதழாக அனுப்பும்போதுதான் பன்னிரண்டில் ஒரு பங்கு கழியும். அனுப்பத் தவறினால் சந்தாதாரருக்குக் கடன்பட்டவர் ஆகிறீர்கள். கோதைநாயகி அம்மாள் இந்தக் கடனை 1925-லிருந்து 35 வருடம் மாதாமாதம் தீர்த்துக்கொண்டே இருந்தார். 35 வருடம் என்றால் 420 மாதம். 115 நாவலைப் பரப்பிப் பார்த்தால் நான்கு மாதத்துக்குள் ஒரு நாவல். வீட்டு வேலை, பத்திரிகை வேலை, மேடைப் பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில்.

சிறைக்குப் போன ஆசிரியர்

மேடைப் பேச்சு என்றேன். பத்திரிகையை வாங்கிய அதே 1925-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த கோதைநாயகி பட்டையும் நகையையும் விட்டுவிட்டுக் கதர் கட்ட ஆரம்பித்தார். அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி போன்றவர்களோடு சேர்ந்து காங்கிரஸ் வேலைகளில் இறங்கினார். பாடத் தெரிந்தவர், கதை சொல்லத் தெரிந்தவர் என்பதால் கூட்டத்தில் இவர் பேச எழுந்தால் ஜனங்கள் கலையமாட்டார்கள். சத்தியமூர்த்தி, ராஜாஜி, காமராஜர் இவர்களோடு பல மேடைகளில் பேசியிருக்கிறார்.

1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் கலந்துகொண்டு கைதானார். மாதக்கணக்கில் வேலூர் சிறையில் இருந்தார். ஆசிரியர் சிறையில், சந்தாதாரர்களுக்குக் கடன் பாக்கி. பார்த்தசாரதி பத்திரிகையை நிற்காமல் பார்த்துக்கொண்டார். அம்மாளும் சும்மா இருக்கவில்லை. சிறைக்குள் இருந்த பெண்களின் கதைகளைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நாவல் எழுதினார்.

என்னிடம் உள்ள சிறு புத்தகங்களில் நாலு, சுதந்திரப் போராட்ட வீராங்கனை என்ற முறையில் அவரைச் சொல்பவை. இன்னும் நாலு, நாவலாசிரியர் என்ற முறையில். இரண்டையும் இரண்டு பெண்கள் போலவே எழுதியிருக்கிறார்கள். சிறைக்குப் போன மாதமும் பத்திரிகை வந்த மாதமும் ஒன்று என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பல புத்தகங்களை ஒன்றாகச் சேர்ப்பதால் கிடைத்த பலன் இது.

சினிமா, யுத்தம், சுதந்திரம்

1937-38 வாக்கில் அவர் கதைகள் திரைக்குப் போயின. அநாதைப் பெண் 1938-ல் வந்த படம். பத்திரிகையைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும் அவர் கதை போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது காகிதத் தட்டுப்பாடு. எல்லாப் பத்திரிகைகளும் இளைத்தன. ஜகன்மோகினி அதையும் தாண்டியது.

1948-ல் காந்தியடிகள் மறைந்ததும் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வேலைகளைச் செய்தார். போராட்டத் தியாகி என்று தனக்குக் கிடைத்த நிலத்தை வினோபாவின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1956-ல் அவருடைய ஒரே மகன் ஸ்ரீனிவாசன் காலமானார். அதன் பிறகு அவர் பழைய அம்மாள் இல்லை. உடம்பும் கெட்டது. காச நோய் கண்டு தாம்பரம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1960 பிப்ரவரி 20-ம் தேதி அங்கேயே காலமானார். வயது 58. அவர் நடத்திய பத்திரிகையும் அவரோடு போயிற்று. ஆறு வருடம் கழித்து சித்தி படம் ஊரெங்கும் ஓடியபோது, கதை எழுதியவர் பார்க்க இல்லை. முன்னாலேயே கதை சொல்லிக்கொண்டு என் பாட்டி இருந்தார்.

மெல்லிய புத்தகம் ஏன் கிடைப்பதில்லை

தடிப் புத்தகத்துக்கு முதுகு உண்டு. அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரியும். 16 பக்கப் புத்தகத்துக்கு முதுகு இல்லை. இரண்டு தடிப் புத்தகத்துக்கு நடுவில் செருகினால் காணாமல் போய்விடும். விழா மலர், பள்ளிப் பிள்ளைகளுக்கான வாழ்க்கைக் குறிப்பு, சொற்பொழிவின் அச்சு, இவையெல்லாம் குறைவாக அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்ப்பவை. மட்டமான காகிதம் பழுத்துவிடும். பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். அதையும் தப்பியவை என்னைப் போன்றவர்கள் கையால் தராசுக்குப் போகும்.

1985 மே மாதம் எரிந்து போன மூர் மார்க்கெட்டுக்கு நான் இளம் குமாஸ்தாவாகப் பல தடவை போயிருக்கிறேன். ஜகன்மோகினி கட்டுகள் கயிறு போட்டுக் குவிந்து கிடக்கும். அவற்றைத் தாண்டிப் போய் வங்கித் தேர்வுக்கான கைடு வாங்கி வருவேன். பின்னால் தேட ஆரம்பித்தபோது திருவல்லிக்கேணி நடைபாதை, மயிலாப்பூர் லஸ் பக்கம், வருடா வருடம் புத்தகக் கண்காட்சி என்று சுற்ற வேண்டியிருந்தது. அதிகம் சிரமம் இல்லாமல் கிடைத்தது ஒன்றுதான். சாகித்திய அகாதெமி இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசையில் அம்மாளைப் பற்றி வெளியிட்ட புத்தகம். புதிதாக ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய இதழ்களைப் பார்க்க வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து உருவான நூலகம் அது. அங்கே முதல் முறை போனபோது, துண்டு நோட்டீஸைக் கூட விடாமல் காப்பாற்றிய அந்த மனிதரையும், 14 கிலோவைத் தராசில் வைத்த என்னையும் நினைத்துத் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டியின் பச்சை பைண்டு திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்காது என்றும் தெரியும். அவர் ஓரத்தில் மஞ்சள் கறையோடு மடித்து வைத்த பக்கங்களை வேறு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த 11 புத்தகங்களும் அதற்கு ஈடு இல்லை. ஏதோ வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், அசல் அப்படியே நிற்கிறது.

இரண்டு வேண்டுகோள்

கடைசியாக நம் குடியிருப்பு நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, பரண் சுத்தம் செய்யும்போது பழைய புத்தகம், கல்யாணப் பாட்டு, விழா மலர், பைண்டு செய்த தொடர்கதை என்று ஏதாவது இருந்தால், பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் என்னைக் கூப்பிடுங்கள். பி பிளாக், இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாவிட்டாலும் நானே இறங்கி வருகிறேன். எனக்குத் தர வேண்டாம். பார்த்துவிட்டு, எது எந்த நூலகத்துக்குப் பயன்படும் என்று சொல்கிறேன். வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு நூலால் தைத்து, வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். அதிகச் செலவு இல்லை.

இரண்டாவது, நம் ஐந்து பிளாக்கிலும் சாயங்காலம் பெஞ்சில் உட்காரும் பாட்டிமார்களும் மாமிகளும் எத்தனையோ சொல்கிறார்கள். பிறந்த ஊர், பார்த்த வெள்ளம், நடந்து போன திருவிழா, கேட்ட கதை. யாரும் எழுதி வைப்பதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நேரம் இல்லை, எனக்கும் அந்த வயதில் இருந்ததில்லை. வரும் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அசோசியேஷன் அறையில் ஒரு நீள நோட்டோடு உட்காரலாம் என்றிருக்கிறேன். செருப்புப் பெட்டியும் கூட வரும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். சொல்ல விருப்பம் உள்ளவர்கள் வந்து சொல்லுங்கள். சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மாட்டுக்கன்று பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாலும் பரவாயில்லை.

இந்தத் தடவை சுருக்க மாட்டேன்.